இரண்டு தோட்டத்துக்கு ஒரே இருமல்

"எங்க வீட்டுக்காரவுகளை ஒருத்தன் கொஞ்சங் கொஞ்சமாக் கொல்றான். வியாழக்கிழமை மதுரையில நுரையீரலை அறுக்கப் போறாக. அதுக்குள்ள அவனைப் பிடிச்சுக் குடுங்க."

மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு ரம்லத் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று செவ்வாய்க்கிழமை.

தேனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது கிருபா துப்பறியும் நிலையம். அதன் முதலாளி கிருபாவதி இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். ஊரில் பாதிப் பேருடைய ரகசியம் காதில் விழுந்தும் ஒன்றைக்கூட வெளியே விடாதவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த நிலையத்தைத் திறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. இதுவரை வந்ததெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு உண்மையிலேயே இருபத்தாறு வயதா என்கிற மாதிரியான விசாரணைகள்தான். கொலை என்று யாரும் வந்ததில்லை.

உதவியாளர் தங்கபாண்டி எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் பழைய மினி பஸ் கண்டக்டர். வயது நாற்பத்தெட்டு. கொலைக் கேசுக்கு உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

கிருபாவதி தண்ணீர் கொடுத்துவிட்டு விவரம் கேட்டார். ரம்லத்தின் கணவர் உமர் பாருக், அறுபத்தெட்டு வயது, கம்பத்தில் வாழைக்காய் மொத்த வியாபாரி. சுருளிப்பட்டி போகிற வழியில் நாலு ஏக்கர் திராட்சைத் தோட்டமும் உண்டு. போன கோடையில் அமெரிக்காவில் இருக்கும் மகன் ஆரிப் வீட்டுக்குப் போய், நான்கு மாதம் இருந்துவிட்டு, ஐப்பசியில் திரும்பினார். ரம்லத்துக்கு முழங்கால் வலி, போகவில்லை. வரும்போதே உமர் பாருக் இருமிக்கொண்டுதான் வந்தார். காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடைக் குறைவு. டி.பி. என்று மூன்று மாதமாக மாத்திரை சாப்பிட்டும் ஒரு மாற்றமும் இல்லை. இப்போது ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு கட்டி தெரிகிறதாம். புற்றுநோயாக இருக்கலாம், அந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி, வியாழக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டார்.

"யார் மேல சந்தேகம்?" என்று கிருபாவதி கேட்டார்.

கர்ணன் மேல் என்றார் ரம்லத். அடுத்த தோட்டத்துக்காரர். இரண்டு தோட்டத்துக்கும் நடுவே இருக்கும் வேலி இரண்டடி தள்ளிப் போடப்பட்டதா இல்லையா என்று பதினோரு வருஷமாக உத்தமபாளையம் கோர்ட்டில் வழக்கு. இரண்டு குடும்பமும் ஒரே கல்யாணத்துக்குப் போனாலும் வேறு வேறு பந்தியில்தான் உட்காரும். அவன்தான் வாழைத்தார் வழியாகவோ தண்ணீர் வழியாகவோ எதையோ கலந்துவிட்டான் என்று ரம்லத் அடித்துச் சொன்னார்.

"தடயம் ஏதாவது இருக்காம்மா?"

ரம்லத் கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கணவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று தலையணை உறைக்குள் கிடைத்ததாம். படத்தில் உமர் பாருக், கூலிங் கிளாஸ் போட்டு, ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு இருந்த ஒரு கள்ளிச் செடியின் முன்னால் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இடது பக்கம் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு அவர் தோளைக் கட்டிப் பிடித்திருந்தது.

அது யாரோ வெள்ளைக்காரியின் கை என்று ரம்லத் தாழ்ந்த குரலில் சொன்னார். கொலை ஒரு கவலை என்றால் இது அதைவிடப் பெரிய கவலை என்பது அவர் குரலில் தெரிந்தது.

தங்கபாண்டி குனிந்து பார்த்தார்.

"அம்மா, என் தலையில இருக்கிற முடியை விட அந்தக் கையில முடி ஜாஸ்தி. வெள்ளைக்காரியா இருந்தா பாவம், அவுகளும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கணும்."

ரம்லத்துக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. கிருபாவதி பூதக்கண்ணாடியை எடுத்தார். அந்தக் கையின் விரல்களில் ஒரு பை தொங்கியது. மஞ்சள் துணிப்பை. கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுப்பார்களே, அதே பை. மேலே சிவப்பில் ஏதோ அச்சடித்திருந்தது. பை மடிந்திருந்ததால் முன்பாதி மறைந்துபோய் கடைசி எழுத்துகள் மட்டும் தெரிந்தன.

"ளிப்பட்டி" என்று கிருபாவதி எழுத்துக்கூட்டிப் படித்தார். "தங்கபாண்டி, நீங்க பஸ்ஸில கூப்பிட்ட ஊரெல்லாம் சொல்லுங்க."

நம் மாவட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒரு பட்டியில்தான் போய் விழும் என்று முன்னுரை சொல்லிவிட்டு, தங்கபாண்டி பழைய பழக்கத்தில் இடது கையை மேலே தூக்கிக் கம்பியைப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். சீலையம்பட்டி, ராயப்பன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி. சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார்.

ரம்லத் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுருளிப்பட்டி கர்ணன் ஊருல்ல. பாவி, அமெரிக்கா வரைக்கும் துரத்திக்கிட்டுப் போயி வெசம் வச்சிருக்கான்."

தோளில் கை போட்டு, சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு யாரும் விஷம் வைப்பதில்லை என்று கிருபாவதி எடுத்துச் சொன்னார். ரம்லத் கேட்கிற நிலையில் இல்லை. அவரை மதுரை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, இருவரும் கம்பம் பஸ் ஏறினார்கள். பஸ் சின்னமனூர் தாண்டுவதற்குள் தங்கபாண்டி முன்சீட்டுக் கண்டக்டரிடம் பேச்சுக் கொடுத்து இரண்டு செய்திகளைக் கறந்துவிட்டார். ஒன்று, கர்ணனின் மகள் ஓவியா அமெரிக்காவில் இருக்கிறாள், போன கோடையில் பேரப்பிள்ளையைப் பார்க்கக் கர்ணன் போய் வந்தார். இரண்டாவது, ஊருக்கு வந்ததிலிருந்து கர்ணன் பஸ் ஏறினால் கடைசி சீட்டில் தனியாகத்தான் உட்கார வைக்கிறார்கள். அப்படி இருமுகிறாராம்.

கிருபாவதி பாதிப் படத்தை எடுத்து மறுபடி பார்த்தார்.

கர்ணன் வீட்டு வாசலிலேயே அவர் மனைவி கஸ்தூரியம்மாள் பிடித்துக்கொண்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அம்மா என்றதும் காபி வந்தது. காபியோடு புகாரும் வந்தது. அந்த உமர் பாருக் குமுளிக்கு அந்தப் பக்கம் ஆள் அனுப்பி, மலையாள மந்திரவாதியை வைத்துத் தன் கணவருக்குச் செய்வினை வைத்துவிட்டான் என்றார். இல்லையென்றால் அமெரிக்காவில் ஏ.சி. வீட்டில், தூசி இல்லாத ஊரில் இருந்து வந்த மனிதருக்கு டி.பி. எப்படி வரும். மாத்திரை சாப்பிட்டும் ஏன் குறையவில்லை.

"அங்கன வெசம், இங்கன செய்வினை" என்று தங்கபாண்டி கிருபாவதியின் காதில் சொன்னார். "ரெண்டு பக்கமும் ஒரே டிக்கெட்டைத்தான் கிழிச்சிருக்காக மேடம்."

கிருபாவதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. ஓவியாவின் கல்யாணப் பை. கடைசி வரியில் சுருளிப்பட்டி.

கர்ணன் திராட்சைப் பந்தலுக்குள் இருந்தார். கழுத்தெலும்பு தெரிய மெலிந்திருந்தார். அமெரிக்காவில் உமர் பாருக்கைப் பார்த்தீர்களா என்று கேட்டதும் அந்த ஆளின் முகத்தில் முழிப்பதில்லை என்று சொல்லிக் காறித் துப்பினார். துப்பிய வேகத்தில் இருமல் வந்து பந்தல் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமல் அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, கிருபாவதி பாதிப் படத்தை அவர் முன்னால் நீட்டினார்.

"பாய்க்கு நாளன்னைக்கு ஆப்பரேஷன். நுரையீரல்ல ஒரு பக்கத்தை எடுக்கப் போறாக" என்றார்.

கர்ணன் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேட்டி மடியை அவிழ்த்து பிளாஸ்டிக் உறை போட்ட மற்றப் பாதியை எடுத்தார். அதில் அவரும் அதே மாதிரி கூலிங் கிளாஸ் போட்டு, அதே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதாம்மா. எனக்குத்தான் மொதல்ல இருமல் வந்துச்சு. நான்தான் அவருக்கு ஒட்டவச்சிட்டேன்."

சொல்லிவிட்டுப் பந்தலுக்கு அடியில் மண்ணிலேயே உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் அப்படியே உட்கார்ந்தபடி சொன்னார்.

அரிசோனாவில் பீனிக்ஸ் என்கிற ஊர். பாலைவனத்துக்கு நடுவில் இருந்தது. மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம்வரை பேச ஆள் கிடையாது. பேரப்பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தமிழ் வரவில்லை. ஒரு நாள் இந்தியக் கடையில் முருங்கைக்காயின் விலையைப் பார்த்து, வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையைச் சொன்னார் கர்ணன். அதே வார்த்தையை அதே நேரத்தில் கூடையின் அந்தப் பக்கம் நின்றவரும் சொன்னார். நிமிர்ந்து பார்த்தால் உமர் பாருக். மகன் ஆரிப்பின் வீடும் அதே ஊரில்தான்.

இரண்டு நிமிஷம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் ஒரு மாதமாகக் கம்பத்துத் தமிழ் காதில் விழாதவர்கள். உமர் பாருக்தான் முதலில், உங்க பக்கம் மழை எப்படி என்று கேட்டார். கர்ணன், தெரியாமல் பதில் சொல்லிவிட்டார். அப்புறம் தினமும் காலையில் சேர்ந்து நடை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய காலி மனை, யாரும் தொடாத மண். வெள்ளாமைக்காரன் எத்தனை நாள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான். கர்ணன் பையில் கொண்டு போன கத்தரி விதை இருந்தது. மருமகன் வீட்டுக் கடப்பாரையும் இருந்தது. இரண்டு மாதம் கொத்தினார்கள். மண் இல்லை அது, மாவு. கொத்தினால் புகை மாதிரி எழும்பி மூக்கு, வாய் எல்லாம் போகும். ஒரு நாள் கொத்திக்கொண்டிருக்கும்போதே வானத்துக்கும் பூமிக்கும் சுவர் எழுப்பின மாதிரி ஒரு புழுதிப் புயல் வந்தது. இரண்டு பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பிடித்தபடி அரை மணி நேரம் குந்தியிருந்தார்கள்.

மறுவாரம் ஒரு காவலாளி வந்து கத்தினான். அடுத்தவன் மனையில் கொத்தியது தெரிந்தால் பிள்ளைகளின் விசா போய்விடும் என்று பயந்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். சேர்ந்து எடுத்த படத்தையும் நடுவில் வெட்டி ஆளுக்கொரு பாதியாக ஒளித்து வைத்துக்கொண்டார்கள். ஊரில் டாக்டர் கேட்டபோதுகூட இருவரும் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை என்றே சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வந்து இரண்டு மாதம் யாருக்கும் தெரியாமல் பழனிச்செட்டிபட்டி டீக்கடையில் சந்தித்தார்கள். உமர் பாருக்கின் கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்த அன்றோடு கர்ணன் போவதை நிறுத்திவிட்டார்.

"என் காத்துப் பட்டா அவருக்கு இன்னும் கூடிருமேன்னு போகல."

கிருபாவதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். புயல் அடித்து எத்தனை நாள் கழித்து இருமல் வந்தது? கர்ணன் விரல் விட்டு எண்ணினார். அவருக்குப் பதினான்காம் நாள். உமர் பாருக்குக்குப் பதினாறாம் நாள்.

"அப்ப நீங்க ஒட்டவைக்கலை. ரெண்டு நாள்ல டி.பி. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் தாவி இருமல் வராது. ஒரே பந்தியில சாப்பிட்டவுகளுக்கு ஒரே நாள்ல வயித்தால போனா, ஒருத்தரையொருத்தர் சந்தேகப்படுவமா? சாம்பாரைத்தானே சந்தேகப்படுவோம்."

"இங்கன சாம்பார் எது மேடம்?" என்றார் தங்கபாண்டி.

கிருபாவதி காலடி மண்ணைச் செருப்பு நுனியால் தட்டிக் காட்டினார்.

மறுநாள் காலை மதுரை ஆஸ்பத்திரிக்கு நான்கு பேராகப் போனார்கள். கணவரைத் தனியாக எதிரி வீட்டாரிடம் அனுப்ப முடியாது என்று கஸ்தூரியம்மாளும் கிளம்பிவிட்டார். உமர் பாருக் கட்டிலில் சாய்ந்திருந்தார், பக்கத்தில் ரம்லத். கதவில் கர்ணனைக் கண்டதும், பதினோரு வருஷப் பழக்கத்தில் உமர் பாருக் கையை நீட்டி, இந்த ஆளை யார் உள்ளே விட்டது என்று கத்தினார். கர்ணனும் பழக்கத்தில் ஒரு வார்த்தை விட்டார். இருவருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது. இருமி முடித்தபோது இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கிருபாவதி இரண்டு பாதிப் படங்களையும் போர்வையின் மேல் ஒட்டி வைத்தார். இரண்டு மனைவிகளும் குனிந்து பார்த்தார்கள்.

டாக்டர் வைகுண்டராஜ் உள்ளே வந்தபோது கிருபாவதி மனை, கடப்பாரை, புழுதி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். டாக்டர் நல்ல மனிதர். அமெரிக்கா என்றதும் நியூயார்க், பனி, சுத்தம் என்றுதான் தானும் நினைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்கவே தோன்றவில்லையாம். பீனிக்ஸ், பாலைவனம், மண் கொத்தினார்கள் என்று கேட்டதும் கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டு, அந்த ஊர் மண்ணால் என்ன நோய் வருகிறது என்று கேட்க, கர்ணனின் மகளுக்கு உடனே போன் போடச் சொன்னார்.

ஓவியாவுக்கு அங்கே ராத்திரி ஆரம்பித்திருந்தது. ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. இரண்டு மாதமாக அப்பா மண் கொத்திய விஷயமே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"ஐயையோ, அப்பா, அது இங்க சாதாரணமா வர்றதாச்சே. வேலி ஃபீவர். எங்க பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட வந்துச்சு."

கஸ்தூரியம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"வேலிக் காய்ச்சலா? நான் அப்பவே சொன்னேன், அந்த வேலியாலதான் இம்புட்டும்னு."

"கோர்ட்டுக்கே தெரியாம அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சிட்டானா?" என்று ரம்லத் திகைத்தார். பதினோரு வருஷத்தில் இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே கருத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அது பள்ளத்தாக்கைக் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தை, நம் வேலி இல்லை. அந்தப் பாலைவன மண்ணுக்குள் ஒரு பூஞ்சை இருக்கிறது. மண்ணைக் கிளறினால் தூசியோடு பறந்து மூச்சு வழியாகப் போய் நுரையீரலில் வளரும். வாலிபர்களுக்குப் பல நேரம் ஒரு ஜலதோஷத்தோடு போய்விடும். வயதானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்ரேயில் பார்த்தால் டி.பி. மாதிரியும் தெரியும், கட்டி மாதிரியும் தெரியும். டி.பி. மாத்திரையில் அது சாகாது. இன்றைக்கு ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து, இரண்டு பேர் ரத்தத்தையும் சேர்த்துப் பெரிய லேபுக்கு அனுப்பலாம், நாளை ஆப்பரேஷன் வேண்டாம் என்றார்.

"கம்பம் பள்ளத்தாக்குல பொறந்து, இன்னொரு பள்ளத்தாக்குல போயி வாங்கிட்டு வந்திருக்காக" என்றார் தங்கபாண்டி. யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

கர்ணன் கட்டில் ஓரத்தில் நின்றபடியே டாக்டரிடம் கேட்டார்.

"இது ஆளுக்கு ஆள் ஒட்டுமாய்யா?"

"ஒட்டாது."

"என்கிட்ட இருந்து இவருக்கு?"

"உங்ககிட்ட இருந்தும் இல்லை, அவர்கிட்ட இருந்தும் இல்லை. மண்ணுகிட்ட இருந்து ரெண்டு பேருக்கும்."

உமர் பாருக் அப்போதுதான் வாயைத் திறந்தார். கர்ணன் டீக்கடைக்கு வருவதை நிறுத்தியதும், தன் நோய் அவருக்கு ஒட்டி அவர் போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று பயந்து, சுருளிப்பட்டிக்காரர்கள் யாராவது மண்டிக்கு வந்தால் சாவு ஏதும் உண்டா என்று விசாரித்துக்கொண்டே இருந்தாராம். சாவு இல்லை என்று தெரிந்தும் கர்ணன் வரவில்லை, இனி வரவே மாட்டார் என்ற வெறுப்பில்தான் ஆப்பரேஷனுக்குச் சம்மதித்தாராம்.

"நீரு இல்லாம எதுக்கு முழு நுரையீரலுன்னு நெனச்சேன் கர்ணா."

கர்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ரம்லத் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். கஸ்தூரியம்மாள் சும்மா இருக்க முடியாமல் பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றி, ஒரு டம்ளரைக் கணவரிடம் கொடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொன்றை ரம்லத்திடம் நீட்டினார். ரம்லத் வாங்கிக் குடித்தார். சீனி கம்மி என்றார்.

அடுத்த வாரம் லேபிலிருந்து பதில் வந்தது. கட்டியில் இருந்தது பூஞ்சைதான். புற்றுநோய் இல்லை. கர்ணனின் ரத்தத்திலும் அதே பூஞ்சைக்கான அடையாளம் இருந்தது. இருவருக்கும் டி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் கேப்சூல் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருந்தது. பங்குனியில் காய்ச்சல் நின்றது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் கர்ணன் இருமாமல் சுற்றி வந்தார். உமர் பாருக்குக்கு எடை ஏழு கிலோ ஏறியது.

வைகாசியில் ஒரு காலையில் ரம்லத் மறுபடியும் மாடிப்படி ஏறி வந்தார். கிருபாவதி பதறி எழுந்து, பாய்க்கு மறுபடி முடியவில்லையா என்று கேட்டார். அதெல்லாம் நன்றாக இருக்கிறார் என்றார் ரம்லத். நன்றாக இருப்பதுதான் பிரச்சினை. காலையில் டீ குடித்ததும் கிளம்பிக் கர்ணன் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். பொழுது சாய்ந்தால்தான் வீடு. மண்டிக்குப் போவதில்லை, தொழுகைக்கு மட்டும் எழுந்து போய்விட்டு மறுபடி அங்கேயே. கஸ்தூரியம்மாளும் இதையேதான் சொல்கிறார், இரண்டு பேருக்கும் சேர்த்து அவர்தான் சோறு பொங்குகிறாராம்.

"நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணித்தான் நான் வந்திருக்கேன். அவுக ரெண்டு பேரையும் வாரத்துக்கு ஒரு மூணு நாளாவது சண்டை போட வைக்க ஏதும் வழி இருக்கா?"

கிருபாவதி தங்கபாண்டியைப் பார்த்தார். தங்கபாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். இது கொலைக் கேசைவிடப் பெரிய கேசு என்று அவருக்குத் தோன்றியது.